உப ஜனாதிபதியின் இளவரசுப் பட்டம்

முடியரசுகளில் அரசன் உயிரோடிருக்கும்போதே மூத்த குமாரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிடுவது வழக்கம். ஜனங்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் குடியரசில் அப்பட்டத்திற்கு இடமில்லை. ஆயினும், கட்சி என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால், அடுத்தாற்போல் யார் என்ற கேள்வி அதன் தலைவர்களின் மனத்தை விட்டு ஒருநாளும் அகலுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் இக்கேள்விக்குக் கட்சிகள் கண்ட விடைகளில் ஒன்று உப ஜனாதிபதி பதவி. 1960-ல் நிக்ஸன், 1968-ல் ஹம்ப்ரி, 2000-ல் அல் கோர், 2024-ல் கமலா ஹாரிஸ் அம்மையார் ஆகிய நால்வரும் உப ஜனாதிபதிகளாக இருந்துகொண்டே ஜனாதிபதி ஸ்தானத்திற்குத் தத்தம் கட்சிகளின் அபேட்சகர்களாக நின்றனர். நால்வரும் தோல்வியுற்றனர். 1988-ல் நின்ற ஜார்ஜ் புஷ் ஒருவரே ஜயித்தார். அவருக்கு முன் அவ்வாறு நின்று ஜயித்தவரைத் தேடினால், நாம் 1836-ம் வருஷம் வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். இடையில் கழிந்தவை 152 வருஷங்கள்.

அந்த 1836-ம் வருஷத்து வெற்றி வீரரின் பெயர் மார்ட்டின் வான் பியூரன். உப ஜனாதிபதியை அடுத்த தலைவராக வளர்க்கும் முறையைக் கட்சிக்குக் கற்பித்தவரும் அவர். அம்முறையால் உயர்ந்தவரும் அவர். அதனால் நசுக்கப்பட்டவரும் அவரே. கட்சிப் பணியில் ஈடுபட்டுள்ள நம் வாசகர்கள் அறிந்துகொள்ளத் தக்கதாகையால், அவர் சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

முதலில் அந்தப் பதவியின் பூர்வ நிலையைச் சொல்லிவிடுவது நலம். அமெரிக்க அரசியல் சட்டம் வகுக்கப்பட்டபோது, அதிக வோட்டுப் பெற்றவர் ஜனாதிபதி, அவருக்கு அடுத்தபடி பெற்றவர் உப ஜனாதிபதி என்று ஏற்பாடாயிற்று. அம்முறையில் உப ஜனாதிபதியாயிருந்த ஜான் ஆடம்ஸ் 1796-லும், ஜெபர்ஸன் 1800-லும் ஜனாதிபதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆனால் 1800-ம் வருஷத் தேர்தலில் ஒரே கட்சியைச் சேர்ந்த இருவர் சம வோட்டுப் பெற்றுப் பெருங்குழப்பம் விளைந்ததால், 1804-ல் பன்னிரண்டாவது திருத்தம் நிறைவேறி, இரு பதவிகளுக்கும் தனித்தனியே வோட்டளிக்கும் முறை வந்தது. அது முதல் உப ஜனாதிபதி பதவி ஒளி மங்கிற்று. செனேட் சபையில் அக்ராசனம் வகிப்பதும், வோட்டுகள் சமமானால் தம் வோட்டை அளிப்பதும் தவிர அவருக்கு வேலையில்லை. மாடிஸன், மன்றோ, ஜான் குவின்ஸி ஆடம்ஸ் ஆகிய மூவரும் வெளிநாட்டு விவகாரங்களைக் கவனிக்கும் ராஜாங்க மந்திரி பதவியிலிருந்தே உச்ச ஸ்தானத்தை அடைந்தனர். உப ஜனாதிபதியோ மறக்கப்பட்ட மனிதராயிருந்தார்.

வான் பியூரன் 1782-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி நியூயார்க் மாகாணத்திலுள்ள கிண்டர்ஹூக் என்னும் சிற்றூரில் பிறந்தார். டச்சு வம்சத்தினரான அவர் வீட்டில் பேசப்பட்ட பாஷையும் டச்சு பாஷையே. ஆங்கிலம் அவர் பின்னால் கற்றுக்கொண்டது. தகப்பனார் சிறு விவசாயி. சாப்பாட்டு விடுதியும் நடத்தினார். நியூயார்க் நகரத்திற்கும் மாகாணத் தலைநகரான ஆல்பனிக்கும் இடையே போகும் வக்கீல்களும் அரசியல்வாதிகளும் வழியில் அவ்விடுதியில் தங்குவதுண்டு. அவர்களுக்கு உணவு பரிமாறிக்கொண்டே அவர்கள் வாதங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பதினான்காம் வயதில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக அமர்ந்து, 1803-ல் தாமே வக்கீலானார். கலாசாலைப் படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. அந்தக் குறை தம்மை ஆயுள் முழுதும் உறுத்தியதை அவர் மறைத்ததில்லை. 1807-ல் ஹன்னா என்னும் உறவுப் பெண்ணை மணந்தார். அவ்வம்மை 1819-ல் க்ஷயரோகத்தால் இறந்தார். நான்கு புதல்வர்களோடு நின்ற வான் பியூரன் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1812-ல் மாகாணச் செனேட் சபைக்கும், 1821-ல் ஐக்கிய நாட்டுச் செனேட் சபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதற்கிடையே ஆல்பனி நகரில் அவர் உருவாக்கிய கட்சி ஸ்தாபனம், அமெரிக்காவில் அதுவரை காணப்படாததொன்று. ஊர்தோறும் கமிட்டி, கட்சிக்குச் சொந்தமான பத்திரிகை, ஒன்றுகூடிச் செய்த முடிவுக்கு அனைவரும் கட்டுப்படுதல், உழைத்தவர்க்கே உத்தியோகம் என்பன அதன் அங்கங்கள். வாஷிங்டன் போன்ற மூத்த தலைவர்கள் கட்சி என்பதையே நாட்டைப் பீடித்த நோயாகக் கருதினார்கள். வான் பியூரனோ வேறுவிதமாகச் சிந்தித்தார். கட்சி இல்லையேல் செல்வந்தர் குடும்பங்களும் தனி மனிதர்களின் பேராசையும் நாட்டை ஆளும். சாமானியன் தலையெடுக்க வேண்டுமாயின் பலர் கூடிய ஸ்தாபனம் ஒன்றே அவனுக்குத் துணை என்பது அவர் கொள்கை. விடுதிக்காரர் மகன் அப்படி நினைத்ததில் வியப்பில்லை.

1824-ம் வருஷத் தேர்தல் அவருக்கு ஒரு பெரும் பாடமாயிற்று. அக்காலத்தில் காங்கிரஸ் சபைகளின் அங்கத்தினர்கள் இரகசியமாகக் கூடித் தங்கள் கட்சியின் அபேட்சகரை நிச்சயிப்பது வழக்கம். அவ்வருஷம் அக்கூட்டத்திற்கு வந்தவர்கள் 66 பேரே. அவர்கள் பொறுக்கியெடுத்த கிராபோர்டு என்பவரை வான் பியூரன் ஆதரித்தார்; நாடு கைகொட்டிச் சிரித்தது. ஜனங்களின் வோட்டு அதிகமாகப் பெற்றவர் ஆண்ட்ரூ ஜாக்ஸன். ஆயினும் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காமையால் பிரதிநிதிகள் சபை ஜான் குவின்ஸி ஆடம்ஸை ஜனாதிபதியாக்கிற்று. அரங்கின் உள்ளே செய்யும் தேர்வை வெளியேயுள்ள ஜனங்கள் ஒப்பமாட்டார்கள் என்பதை வான் பியூரன் உணர்ந்தார். தென்னாட்டுத் தோட்ட முதலாளிகளையும் வடநாட்டுச் சாதாரண மக்களையும் ஒரே அணியில் சேர்த்து, அதன் தலைமையில் ஜாக்ஸனை நிறுத்தினார். 1828-ல் ஜாக்ஸன் வெற்றி பெற்றார். இன்று டெமாக்ரடிக் கட்சி என்று வழங்குவது அந்த அணியின் சந்ததியே. ஆனால் அந்த ஒற்றுமைக்கு ஒரு விலை இருந்தது. அடிமை முறையைப் பற்றி வடநாட்டார் வாய் திறக்கலாகாது என்பதே அவ்விலை. இதை நம் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது உப ஜனாதிபதியாயிருந்தவர் தென் கரோலினாவைச் சேர்ந்த கால்ஹூன். ஜாக்ஸனுக்குப் பின் தாமே என்று அவர் நம்பியிருந்தார். ராஜாங்க மந்திரியாக வந்த வான் பியூரனுக்கும் அதே ஆசை. போட்டியைத் தீர்த்து வைத்தது, விந்தையாக, ஒரு பெண்மணியின் மானத்தைப் பற்றிய வழக்கு. யுத்த மந்திரி ஈடனின் மனைவியைப் பற்றி ஊரார் தூற்ற, கால்ஹூனின் மனைவியும் மற்ற மந்திரிகளின் மனைவிமாரும் அவ்வம்மையைச் சந்திக்க மறுத்தனர். தம் மனைவியும் இவ்விதப் பழிச்சொல்லுக்கு ஆளாகி 1828-ல் மாண்டதை மறவாத ஜாக்ஸன் கொதித்தெழுந்தார். மனைவியை இழந்த வான் பியூரனுக்கோ தடை சொல்ல வீட்டில் எவருமில்லை. அவர் அவ்வம்மையை மரியாதையாகக் கண்டு விருந்தும் அளித்தார். மத்திய சர்க்காரின் சட்டத்தை ஒரு மாகாணம் தள்ளிவிடலாம் என்று கால்ஹூன் வாதித்ததும், 1818-ல் ஜாக்ஸனைத் தண்டிக்க வேண்டுமென்று அவர் மந்திரி சபையில் பேசியிருந்தது வெளிப்பட்டதும் மீதியிருந்த நட்பையும் அறுத்தன.

1831-ல் வான் பியூரன் தாமாகவே ராஜிநாமா செய்து, மந்திரி சபை முழுவதும் கலைவதற்கு வழி செய்தார். ஜாக்ஸன் அவரை லண்டனுக்குத் தூதராக அனுப்பினார். 1832 ஜனவரியில் அந்நியமனம் செனேட் சபையின் முன் வந்தபோது, எதிரிகள் வேண்டுமென்றே வோட்டுகள் சமமாகும்படி செய்தனர். அக்ராசனத்திலிருந்த கால்ஹூன் தம் வோட்டை எதிராக அளித்து நியமனத்தை முறியடித்தார். தம் போட்டியாளர் ஒழிந்தார் என்று அவர் மகிழ்ந்தார். ஆனால் அடிபட்டவன்பால் இரக்கம் செல்வது உலக இயற்கை. தூதர் பதவியைப் பறித்த அந்த வோட்டே வான் பியூரனை உப ஜனாதிபதி பதவிக்கு உயர்த்திற்று.

1832 மே மாதத்தில் பால்டிமோர் நகரில் அக்கட்சியின் முதல் தேசிய மகாநாடு கூடியது. ஜாக்ஸனை மீண்டும் நிறுத்துவதில் விவாதத்திற்கே இடமில்லை. அது முன்பே முடிந்த காரியம். ஆகவே மகாநாட்டின் உண்மையான வேலை உப ஜனாதிபதி அபேட்சகரைத் தேர்வதே. ஏனோதானோவென்று ஒருவரைச் சேர்க்காமல், அடுத்த தலைவர் இவரே என்று நாடறியச் செய்ய வேண்டுமென்பது ஜாக்ஸனின் விருப்பம். அதற்காகப் பாதிக்கு மேல் போதாது, பிரதிநிதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வோட்டு வேண்டும் என்று விதி செய்தார்கள். 283 வோட்டுகளில் 208 வான் பியூரனுக்குக் கிடைத்தன. தேர்தலில் ஜாக்ஸன் 219 தேர்வாளர் வோட்டுகளும், வான் பியூரன் 189 வோட்டுகளும் பெற்றனர். பென்ஸில்வேனியாவின் முப்பது தேர்வாளர்கள் ஜாக்ஸனை ஏற்றும் அவர் வாரிசை ஏற்க மறுத்ததே இவ்வித்தியாசத்திற்குக் காரணம். தலைவர்மீதுள்ள அன்பு வாரிசுக்குத் தானாகப் போய்ச் சேருவதில்லை என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. அதை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை.

உப ஜனாதிபதியான வான் பியூரன் செனேட் சபையில் நான்கு வருஷம் தம் பகைவர் நடுவே அமர்ந்திருந்தார். ஐக்கிய நாட்டு பாங்கின்மேல் ஜாக்ஸன் தொடுத்த போர் அப்போது உச்சத்திலிருந்தது. 1834-ல் ஒருநாள் எதிர்க்கட்சித் தலைவர் ஹென்றி கிளே, பாங்கு விவகாரத்தால் நாடு படும் கஷ்டங்களை எல்லாம் உருக்கமாக வருணித்து, ஜனாதிபதியிடம் சென்று முறையிடும்படி அக்ராசனரை நோக்கியே வேண்டினார். பேச்சு முடிந்ததும் வான் பியூரன் ஆசனத்தை விட்டு இறங்கிக் கிளேயிடம் நேரே சென்றார். என்ன நடக்குமோ என்று சபை மூச்சையடக்கி நின்றது. அவர் கிளேயிடம் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, வணக்கத்துடன் திரும்பிவிட்டார். அவரைச் சின்ன மந்திரவாதி என்று நாட்டார் அழைத்தது இத்தகைய சாதுரியத்தினாலேயே.

ஆனால் சாதுரியம் எப்போதும் மூக்குப்பொடியளவில் நிற்பதில்லை. 1836-ல், அடிமை முறையை எதிர்க்கும் பிரசுரங்களைத் தபாலில் தடுக்க ஒரு மசோதாவைக் கால்ஹூன் கொண்டுவந்தார். தேர்தல் ஆண்டில் வான் பியூரனைப் பொறியில் சிக்கவைக்க வோட்டுகள் சமமாக்கப்பட்டன. தென்னாட்டு ஆதரவை இழக்க அஞ்சி, அவர் மசோதாவுக்குச் சாதகமாகவே வோட்டளித்தார். மசோதா பின்னர் தோற்றுப்போயிற்று. பத்திரிகைச் சுதந்திரத்திற்கு விரோதமாக அவர் அளித்த வோட்டோ சரித்திரத்தில் நிற்கிறது. அடுத்த தலைவராக வேண்டியவர் எவரையும் பகைக்கக் கூடாது. எவரையும் பகைக்காதவர் அநியாயத்தையும் பகைக்க முடிவதில்லை.

1835 மே மாதம் கூடிய பால்டிமோர் மகாநாட்டில் அவர் ஏகமனதாக ஜனாதிபதி அபேட்சகரானார். அந்த ஏகமனது எத்தகையது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஜாக்ஸனின் சொந்த மாகாணமான டென்னஸ்ஸி மகாநாட்டுக்குப் பிரதிநிதிகளையே அனுப்பவில்லை. தற்செயலாக ஊரிலிருந்த ரக்கர் என்னும் டென்னஸ்ஸிக்காரர் ஒருவரை அழைத்துவந்து உட்காரவைத்து, அம்மாகாணத்தின் பதினைந்து வோட்டுகளையும் அவர் ஒருவரைக்கொண்டே அளிக்கச் செய்தார்கள். ஜாக்ஸன் தம் வாரிசைத் தாமே நியமிக்கிறார் என்று விக் கட்சியார் பறை சாற்றினர். ஜாக்ஸனின் பழைய நண்பரான ஹ்யூ ஒயிட் எதிர் அபேட்சகராகவே கிளம்பினார். ஆயினும் எதிரிகள் பல அபேட்சகர்களை நிறுத்திப் பிரிந்து நின்றதால், 294 தேர்வாளர் வோட்டுகளில் 170 பெற்று வான் பியூரன் ஜயித்தார். டென்னஸ்ஸி மாகாணம் ஒயிட்டுக்கே சென்றது. வாரிசைத் தேர்ந்தெடுத்தவரின் சொந்த மாகாணமே வாரிசை நிராகரித்தது.

1837 மார்ச் 4-ந் தேதி அவர் பதவியேற்றார். ஒருவரைத் தவிர ஜாக்ஸனின் மந்திரிகளையே வைத்துக்கொண்டார். பத்து வாரங்கள் கழிவதற்குள், மே 10-ந் தேதி, நியூயார்க் பாங்குகள் நோட்டுகளுக்குப் பொன் வெள்ளி நாணயம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. மற்ற நகரங்களின் பாங்குகளும் பின்தொடர்ந்தன. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, பருத்தி விலை வீழ்ந்தது, வேலையற்றோர் தெருவில் நின்றனர். லண்டன் பாங்கு கடனை இறுக்கியது ஒரு காரணம். சர்க்கார் நிலங்களைப் பொன் வெள்ளி கொடுத்தே வாங்கவேண்டுமென்று 1836-ல் ஜாக்ஸன் பிறப்பித்த உத்தரவு மற்றொரு காரணமென்று பலரும் கருதினர். அவ்வுத்தரவை ரத்து செய்யும்படி வியாபாரிகள் மன்றாடினார்கள். தம்மை வளர்த்தவரின் உத்தரவை மறுக்க வான் பியூரனால் முடியவில்லை. 1838-ல் காங்கிரஸே அதை நீக்கிற்று. சர்க்கார் பணத்தைத் தனியார் பாங்குகளில் போடாமல் சர்க்காரே வைத்துக்கொள்ளும் சுயேச்சைக் கஜானாத் திட்டம் ஒன்றே அவருடைய சொந்த ஏற்பாடு. அது மூன்று வருஷப் போராட்டத்திற்குப் பின் 1840-ல் தான் நிறைவேறியது.

முன்னவர் விட்டுச்சென்றவற்றில் இதனினும் கொடியதொன்று உண்டு. செரோக்கீ என்னும் ஆதிக்குடி மக்களை அவர்கள் பூர்வீக பூமியிலிருந்து மிசிஸிப்பி நதிக்கு மேற்கே துரத்தும் ஒப்பந்தம் ஜாக்ஸன் காலத்தில் செய்யப்பட்டது. அக்குடியினரில் மிகப் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அதை 1838-ல் பட்டாளத்தைக்கொண்டு நிறைவேற்றியவர் வான் பியூரன். வழியில் குளிராலும் நோயாலும் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. ஜாக்ஸன் போட்ட விதை என்று சொல்லி இப்பழியிலிருந்து அவரை விடுவிக்க நாம் ஒருப்படோம். நிறுத்தும் அதிகாரம் அவர் கையிலிருந்தது. நிறுத்தும் மனம் இல்லை.

1840-ம் வருஷத் தேர்தலில் விக் கட்சியார் ஹாரிஸன் என்னும் பழைய சேனாதிபதியை நிறுத்தினர். பெரிய மாளிகையில் வாழ்ந்த அவரை மரக்குடிசையில் வாழும் ஏழையாகவும், விடுதிக்காரரின் மகனான வான் பியூரனைப் பொற்தட்டில் உண்ணும் சுகவாசியாகவும் ஊரெங்கும் சித்தரித்தார்கள். பசித்த ஜனங்கள் அதை நம்பினார்கள். ஹாரிஸனுக்கு 234 வோட்டுகள். வான் பியூரனுக்கு 60. சொந்த மாகாணமான நியூயார்க்கும் அவரைக் கைவிட்டது.

வென்ற கட்சியின் கதியும் இங்கே குறிப்பிடத் தக்கதே. தென்னாட்டு வோட்டுக்காகச் சிந்தனையின்றி டைலர் என்பவரை உப ஜனாதிபதியாகச் சேர்த்திருந்தனர். பதவியேற்ற ஒரு மாதத்தில், 1841 ஏப்ரல் 4-ந் தேதி, ஹாரிஸன் இறந்தார். ஜனாதிபதியான டைலர் கட்சியின் பாங்கு மசோதாக்களைத் தள்ளிவிடவே, அக்கட்சி அவரை வெளியேற்றியது. ஒரு கட்சி வாரிசை அளவு கடந்து ஜாக்கிரதையாகத் தேர்ந்தது. மற்றது வாரிசு என்ற நினைவே இன்றித் தேர்ந்தது. இரண்டும் இடர்ப்பட்டன.

1844-ல் வான் பியூரன் மீண்டும் அபேட்சகராக முயன்றார். டெக்ஸாஸ் பிரதேசத்தை உடனே அமெரிக்காவுடன் சேர்ப்பதா என்பது அப்போது எழுந்த பிரச்னை. சேர்த்தால் அடிமை முறை விரியும், மெக்ஸிகோவுடன் யுத்தமும் மூளும். அவசரச் சேர்க்கை கூடாது என்று அவர் பகிரங்கமாகவே எழுதினார். அதனால் தென்னாடு அவரைத் துறந்தது, ஜாக்ஸனும் கைவிட்டார். மறுபடியும் அதே பால்டிமோர் நகரில் மகாநாடு கூடியது. முதல் வோட்டெடுப்பில் 266-ல் 146 வான் பியூரனுக்குக் கிடைத்தன. அது பாதிக்கு மேல். ஆனால் 1832-ல் அவரைப் பெருமைப்படுத்தச் செய்த மூன்றில் இரண்டு பங்கு விதியை எதிரிகள் எடுத்து வீசினார்கள். ஒன்பதாம் வோட்டெடுப்பில் போல்க் என்பவர் அபேட்சகரானார். ஒருவருக்காகச் செய்த விதி அவரையே வெட்டியது. அவ்விதியை அக்கட்சி 1936-ல் தான் நீக்கியது.

நிற்க. இவ்வளவும் இழந்த பின்னரே வான் பியூரன் வாழ்க்கையில் நாம் வணங்கத்தக்க பகுதி தொடங்குகிறது. 1848-ல் பபலோ நகரில் கூடிய சுதந்திர நிலக் கட்சி, புதிய பிரதேசங்களில் அடிமை முறை கூடாதென்று முழங்கி அவரை அபேட்சகராக்கியது. தாம் கட்டிய கட்சிக்கு எதிராகவே அவர் நின்றார். பத்தில் ஒரு பங்கு வோட்டுப் பெற்றும், ஒரு தேர்வாளர் வோட்டும் கிடைக்கவில்லை. ஜயிக்கும் நம்பிக்கை அவருக்கும் இருந்திராது. எனினும் வாரிசாக இருந்த வரையில் சொல்லத் துணியாததை, வாரிசு அல்லாதவராக நின்று சொன்னார். பின்னர் பழைய கட்சிக்குத் திரும்பினார் என்பதையும் மறைக்க நாம் விரும்பவில்லை. உள்நாட்டு யுத்தம் மூண்டபோது நாட்டின் ஐக்கியத்தையே ஆதரித்து, அது முடிவதற்கு முன்பே 1862 ஜூலை 24-ந் தேதி, தாம் பிறந்த கிண்டர்ஹூக்கில், எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார். தென்னாட்டையும் வடநாட்டையும் சேர்த்து அவர் கட்டிய அணி அவர் கண்முன்னேயே சிதறிக் கிடந்தது.

இச்சரித்திரத்திலிருந்து நாம் கொள்ளவேண்டியது என்ன? கட்சி வேண்டாமென்று நாம் கூறவில்லை. சாமானியனுக்குக் கட்சியே பலமென்று வான் பியூரன் கண்டது உண்மை. அடுத்த தலைவரைப் பழக்கி வைப்பதும் குற்றமன்று. ஆனால் தலைவரின் ஸ்தானத்தைக் கட்சி எடுத்துக் கொடுக்கலாம். ஜனங்கள் அவரிடம் வைத்த நம்பிக்கையை எடுத்துக் கொடுக்க முடியாது. உப ஜனாதிபதியாக நிற்பவர் முன்னவரின் கடன்களுக்கெல்லாம் ஜாமீன் ஆகிறார். அவருடைய புகழுக்கோ பங்காளியாவதில்லை. சொந்த அபிப்பிராயம் சொன்னால் நன்றி கெட்டவர். சொல்லாவிட்டால் வெறும் நிழல். 152 வருஷ காலம் எவரும் இப்படிக்கட்டில் ஏறி மேலே செல்லாததற்கு இதுவே பெரிய காரணமென்பது நமது அபிப்பிராயம். 1988-ல் ஏறிய புஷ்ஷும் 1992-ல் மறு தேர்தலில் தோற்று, வான் பியூரனைப் போலவே நான்கு வருஷத்துடன் வீடு திரும்பினார்.

ஆகவே கட்சிகள் ஒருவரை அடுத்த தலைவராக முன்னே நிறுத்தும்போது, அவர் எவ்வளவு விசுவாசமாகப் பின்தொடர்ந்தார் என்று மட்டும் கேட்டால் போதாது. தம் தலைவர் தவறு செய்தபோது அவர் ஒருமுறையேனும் மறுத்துச் சொன்னதுண்டா என்றும் கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கட்சி மகாநாட்டில் எவரும் கேட்காவிட்டால், தேர்தலில் ஜனங்கள் கேட்பார்கள்.